ஆர்வம் மட்டும் போதுமா?

விளையாட்டு என்ற சொல்லைக் கண்டதும் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட நினைக்கும் சகோதரிகள் சற்றுப் பொறுக்க வேண்டும். பந்தை உதைப்பவர்களை விட அதைப் பார்க்க வருபவர்களைப் பற்றியே இங்கு அதிகம் எழுதப்போகிறேன். ஒரு பொது இடத்திற்கு மக்கள், அதிலும் பெண்கள், எப்போது வருகிறார்கள், எப்போது வராமல் விடுகிறார்கள் என்ற கேள்வி எனக்குத் தொழில் சம்பந்தமான கேள்வி.

சமூகப் பணியில் பத்து வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். இக்காலத்தில் என் கையில் அதிகம் புழங்கிய பொருள் வரவுப் பதிவேடுதான். மாதர் சங்கக் கூட்டம், சேமிப்புக் குழு, தையல் வகுப்பு, உளவளப் பயிற்சி எதுவாயினும் கையொப்பங்களை எண்ணி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். ஐம்பது பேரை அழைத்த இடத்துக்குப் பதினெட்டுப் பேர் வந்தால் "பயனாளிகளிடம் ஆர்வம் குறைவு" என்று அறிக்கையின் அடியில் எழுதிவிடுவது நான் முதலில் வேலை செய்த நிறுவனத்தின் வழக்கம். அந்த ஊருக்குக் கடைசி பஸ் நாலரைக்குப் போய்விடும் என்பதை எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டமும் இருக்கவில்லை.

2024 இல் அக்காவின் பிள்ளைப்பேற்றுக்காக அம்மாவைக் கூட்டிக்கொண்டு மெல்பேர்ன் சென்று மூன்று மாதங்கள் தங்கினேன். அக்கா குடும்பம் இருப்பது டண்டெனோங் பக்கம். எம்மவர்கள் நிறைந்த பகுதி. ஒரு சனிக்கிழமை நகரத்துக்கு ரயிலில் போகும்போது ஒவ்வொரு நிலையத்திலும் கழுத்தில் கறுப்பு வெள்ளைச் சால்வை சுற்றியவர்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். கைக்குழந்தைக்காரிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், அம்மாவின் வயதை ஒத்தவர்கள். ஒரு மூதாட்டியின் பையில் தேநீர்ப் போத்தலும் மழைக்கோட்டும் தெரிந்தன. "எங்க பிள்ளை இவ்வளவு சனமும் போகுது? ஏதும் திருவிழாவோ?" என்று அம்மா கேட்டார். ரிச்மண்ட் நிலையத்தில் கதவு திறந்ததும் பெட்டி வெறுமையாகிவிட்டது. அவர்கள் போனது மெல்பேர்ன் கிரிக்கெட் மைதானத்திற்கு. ஆனால் பார்க்கப் போனது கிரிக்கெட் அல்ல, அவுஸ்திரேலிய விதி உதைபந்தாட்டம்.

நாம் அறிந்த உதைபந்தாட்டம் வேறு, இது வேறு. முட்டை வடிவப் பந்து, நீள்வட்ட மைதானம், பக்கத்துக்கு 18 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம், கையில் ஏந்தி ஓடலாம், முட்டியால் குத்தி மற்றவருக்குக் கொடுக்கலாம். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக்கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, பக்கத்தில் போனால் ஒன்று. இதன் விதிகள் 1859 இல் மெல்பேர்னில் எழுதப்பட்டவை. விக்டோரியா உதைபந்தாட்ட லீக் 1897 இல் போட்டிகளைத் தொடங்கி, பிற மாநிலங்களுக்கும் பரவி, 1990 இல் அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட லீக் என்று பெயர் மாறியது. மார்ச்சில் தொடங்கி செப்டெம்பர் கடைசியில் இறுதியாட்டத்துடன் பருவம் முடிவடையும்.

2023 ஆம் ஆண்டில் இந்த லீக்கின் ஆட்டங்களைப் பார்க்க மைதானங்களுக்கு வந்தோர் தொகை முதன்முறையாக 80 இலட்சத்தைத் தாண்டியது. அப்போது நாட்டின் சனத்தொகையே இரண்டு கோடி எழுபது இலட்சத்துக்குள்தான் இருந்தது. 2024 இல் கழகங்களுக்குப் பணம் கட்டி உறுப்பினரானவர்கள் மட்டும் 13 இலட்சத்துக்கு மேல். அவுஸ்திரேலியர்களுக்கு விளையாட்டுப் பைத்தியம் என்று அத்தான் ஒரு வரியில் காரணம் சொன்னார். நான் வேலை செய்த நிறுவனத்தின் அறிக்கைகளைப் போலவே இதுவும் ஆர்வத்தை மட்டும் வைத்துச் சொல்லும் காரணமாக எனக்குப் பட்டது. அதனால் இந்த ஆட்டத்தின் கூட்டக் கணக்குகளைத் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

ரயில் வராத மைதானம்

அக்கா வீட்டிலிருந்து நகரத்துக்குக் கார் ஓடும் வழிக்கு அப்பால் மல்கிரேவ் என்ற இடம் இருக்கிறது. அங்கே வீடுகளுக்கு நடுவில் பழைய பார்வையாளர் மண்டபம் ஒன்று நிற்கிறது. வேவர்லி பார்க் என்ற பெருமைதானத்தின் மிச்சம் அது.

கிரிக்கெட் கழகத்தின் மைதானத்தில் வாடகைக்கு விளையாடி அலுத்துப்போன லீக், தனக்கென்று சொந்த மைதானம் வேண்டுமென்று 1962 இல் இங்கே காணி வாங்கியது. நகரின் மத்தியிலிருந்து 20 கிலோமீற்றருக்கு அப்பால். வருங்காலத்தில் சனம் தென்கிழக்காகத்தான் பெருகும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு பிழைக்கவில்லை, சனம் அப்படித்தான் பெருகியது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய மைதானமாக அதைக் கட்டுவது அவர்களுடைய கனவு. 1970 ஏப்ரலில் முதல் ஆட்டம் நடந்தது. ரயில் பாதை பிறகு வரும் என்று நம்பினார்கள். அது கடைசிவரை வரவில்லை.

ஆகவே எல்லோரும் காரில் வந்தார்கள். ஆட்டம் முடிந்தபின் வாகனத் தரிப்பிடத்திலிருந்து வெளியேறப் பட்ட பாட்டை அக்காலத்து மனிதர்கள் இன்றும் கதைகதையாகச் சொல்கிறார்கள். இடமும் திறந்த வெளி, குளிர்காற்று வேறு. வடதுருவத்தின் பெயரையே அந்த மைதானத்துக்குப் பட்டப்பெயராக வைத்திருந்தார்கள். இத்தனைக்கும் அங்கு பெருங்கூட்டம் கூடாமல் இல்லை. 1981 இல் கொலிங்வூட்டும் ஹோதோர்னும் மோதிய ஒரு விடுமுறை நாளில் 92,935 பேர் வந்தார்கள். பெரிய ஆட்டத்துக்குக் கஷ்டப்பட்டும் வருவார்கள். சாதாரண வாரத்தில், மழை தூறும்போது, பிள்ளை இருமும்போது வருவார்களா என்பதுதான் ஒரு மைதானத்தை வாழவைப்பதும் வீழ்த்துவதும். 1999 உடன் லீக் அங்கு ஆடுவதை நிறுத்திக்கொண்டது. 2000 ஆம் ஆண்டில் நகரின் பிரதான ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, மழைக்கு மூடக்கூடிய கூரையுடன் டொக்லண்ட்ஸ் மைதானம் திறக்கப்பட்டது.

கார் இல்லாத பெண், கார் ஓட்டத் தெரியாத பெண், இரவில் தனியே ஓட்டப் பயப்படும் பெண், வீட்டில் ஒரேயொரு கார் இருந்து அதைக் கணவன் வேலைக்குக் கொண்டுபோய்விடும் பெண் ஆகியோர் வேவர்லி பார்க்கின் கணக்கில் எங்கே இருந்திருப்பார்கள் என்று நான் யோசித்தேன். வந்தவர்களைத்தான் வாசலில் எண்ணுவார்கள். வராதவர்களை எண்ணுவதற்கு எந்த நாட்டிலும் வாசல் இல்லை.

இதற்கு எதிர்மாறான கதை அடிலெய்ட் நகரத்தில் நடந்தது. போர்ட் அடிலெய்ட் கழகம் பல ஆண்டுகளாக நகரத்துக்கு வெளியே மேற்குக் கரைப் பக்கப் புறநகர் மைதானம் ஒன்றில் ஆடிவந்தது. கூட்டம் குறைந்துகொண்டே போய், வெறும் ஆசனங்கள் தொலைக்காட்சியில் தெரியாதபடி துணி போட்டு மூடும் அளவுக்கு நிலைமை மோசமாயிற்று. 2014 இல் ஆட்டங்கள் நகர் நடுவே உள்ள அடிலெய்ட் ஓவல் மைதானத்துக்கு மாற்றப்பட்டன. ரயில் நிலையத்திலிருந்து ஆற்றைக் கடந்து மைதான வாசலுக்கே நடந்து போகப் பாலமும் கட்டினார்கள். முன்னர் 20 ஆயிரம் பேரைச் சேர்க்கச் சிரமப்பட்ட கழகத்துக்கு அந்த ஆண்டில் சராசரியாக 40 ஆயிரத்துக்கு மேல் வந்தார்கள். அணியும் அப்போது நன்றாக ஆடத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் ஆட்கள் அதே ஆட்கள். இரண்டு வருடத்துக்கு முன் "ஆர்வம் குறைந்தவர்கள்" என்று எண்ணப்பட்டவர்களும் இவர்கள்தான்.

வெற்றி, பகை, தொலைக்காட்சி

வெல்லும் அணிக்குக் கூட்டம் சேரும் என்பது யாரும் அறிந்ததே. மெல்பேர்னிலிருந்து 1982 இல் சிட்னிக்கு இடம்பெயர்ந்த சிட்னி ஸ்வான்ஸ் அணி 1993 அளவில் தொடர்ந்து தோற்றபோது ஆசனங்கள் காலியாகக் கிடந்தன. 1995 இல் டோனி லொக்கெட் என்ற பெரும் ஆட்டக்காரர் வந்து சேர, 1996 இல் அணி இறுதியாட்டம் வரை போக, அதே சிட்னிவாசிகள் மைதானத்தைத் தேடி வந்தார்கள். ஒரே அணி எப்போதும் வென்றால் மற்ற அணிகளின் ஆதரவாளர்கள் சலித்து வீட்டில் இருந்துவிடுவார்கள் என்பதை லீக் அறிந்திருந்தது. 1986 இல் பலவீனமான அணிகளுக்கு இளம் ஆட்டக்காரரைத் தெரிவு செய்வதில் முன்னுரிமை கொடுத்தார்கள். 1987 இல் கழகம் ஒன்று சம்பளத்துக்குச் செலவிடும் தொகைக்கு உச்சவரம்பு வைத்தார்கள். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. முடிவு முன்கூட்டியே தெரிந்த எந்தக் கூட்டத்துக்கும் ஆட்கள் வருவதில்லை என்பது எமது சங்கங்களின் நிர்வாகத் தெரிவிலும் காணக்கூடியதே!

அயல் பகை இன்னொரு காரணம். 18 அணிகளில் ஒன்பது மெல்பேர்ன் நகரத்தைச் சேர்ந்தவை. இரண்டு மெல்பேர்ன் அணிகள் மோதினால் இரு தரப்பு ஆதரவாளர்களும் அதே ரயிலில் வந்து இறங்குவார்கள். மேற்கே பேர்த் நகரத்து அணி வந்தால் அதன் ஆட்களில் விமானச் சீட்டுக்கு வசதியுள்ளவர்களும் மெல்பேர்னில் குடியேறியவர்களுமே வர முடியும். 1958 இல் விடுமுறை நாள் ஆட்டமொன்றில் மெல்பேர்ன், கொலிங்வூட் அணிகளைப் பார்க்க 99,256 பேர் கூடியது இத்தகைய அயல் பகையால்தான். பருவத்தின் சாதாரண ஆட்டங்களில் இன்றுவரை அதுவே அதிகூடிய தொகை.

1970 இறுதியாட்டத்துக்கு வந்த 121,696 பேர் என்ற சாதனையோ இனி முறியடிக்க முடியாதது. மக்களின் விருப்பம் குறைந்துவிட்டது என்பதல்ல காரணம். அன்று பெருந்தொகையானோர் நின்றுகொண்டு பார்த்தார்கள். இன்று அந்த மைதானம் பெரும்பாலும் ஆசனங்களால் நிரம்பியது, ஒரு இலட்சம் பேருக்குத்தான் இடம். 2022, 2023 இறுதியாட்டங்கள் இரண்டிலும் வந்தோர் தொகை சரியாக 100,024. பதிவேட்டில் எண் குறைந்தால் ஆசனத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொலைக்காட்சி கூட்டத்தைக் கெடுத்துவிடும் என்ற பயம் லீக்குக்கு நீண்டகாலம் இருந்தது. இறுதியாட்டத்தை மெல்பேர்ன் வீடுகளில் நேரடியாகப் பார்க்க 1977 இல்தான் அனுமதித்தார்கள். 2012 முதல் எல்லா ஆட்டங்களும் நேரடியாகவே காட்டப்படுகின்றன. கூட்டம் குறையவில்லை, பிற்காலத்தில் கூடியிருக்கிறது. வீட்டில் பெட்டியில் தெரிவதை நாற்பது நிமிடம் ரயிலேறிப் போய்க் குளிரில் இருந்து ஏன் பார்க்கிறார்கள்? இதற்கான பதில் 2020 இல் கிடைத்தது என்பேன். அந்த ஆண்டு மார்ச்சில் கொரோனாத் தொற்றுக் காரணமாக முதல் ஆட்டமே பார்வையாளர் எவருமின்றி நடந்தது. 2018 இல் 90 ஆயிரம் பேர் திரண்ட அதே தொடக்க ஆட்டம். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தம் வெறும் ஆசனங்களில் பட்டுத் திரும்புவதைப் பதிவுகளில் கேட்டேன். பந்து அதே பந்து, விதி அதே விதி. பார்ப்பதற்கு ஏதோ ஒத்திகை போலிருந்தது. அந்த ஆண்டு இறுதியாட்டம் மெல்பேர்னை விட்டு பிரிஸ்பேனுக்குப் போனது. இடைவெளி விட்டு அமர்த்தப்பட்ட 29,707 பேரே பார்த்தார்கள்.

யுத்த காலத்துக் கூட்டம்

எமது வாசகிகளுக்கு இந்தப் பகுதி சற்று நெருக்கமாக இருக்கும்.

முதலாம் உலக யுத்தத்தில் இளைஞர்கள் படைக்குப் போக, பல கழகங்கள் ஆடுவதை நிறுத்தின. 1916 இல் லீக்கில் மிஞ்சியவை நான்கே அணிகள். பிள்ளைகள் போர்முனையில் இருக்கும்போது விளையாட்டுப் பார்ப்பது தகுமா என்ற விவாதம் அப்போது கடுமையாக நடந்தது. இரண்டாம் யுத்தத்தின்போது 1942 இல் மெல்பேர்ன் கிரிக்கெட் மைதானத்தையே இராணுவம் எடுத்துக்கொண்டது. படையினர் தங்கும் முகாமாக அது மாறியது. பாடசாலையும் கோயில் மண்டபமும் முகாமானதைக் கண்ட எமக்கு இதை விளக்கத் தேவையில்லை. இறுதியாட்டங்கள் சிறிய மைதானங்களுக்குப் போயின.

யுத்தம் 1945 ஓகஸ்ட்டில் முடிந்தது. செப்டெம்பர் 29 ஆம் திகதி பிரின்சஸ் பார்க் மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்துக்கு 62,986 பேர் வந்தார்கள். அந்த மைதானம் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சனத்தைக் கண்டதில்லை. ஆட்டம் அடிதடியில் முடிந்து கெட்ட பெயர் எடுத்தது என்பது வேறு கதை. அங்கு வந்தவர்களில் எத்தனை தாய்மார், எத்தனை விதவைகள் இருந்தார்கள் என்று எவரும் எண்ணி வைக்கவில்லை. திரும்பி வந்தவர்களும் வராதவர்களின் வீட்டாரும் ஒரே வாங்கில் இருந்திருப்பார்கள். நீண்டகாலம் ஒன்றுகூட முடியாதிருந்த சனம் கூடியிருக்கக் கிடைத்த முதல் வாய்ப்புகளில் ஒன்று அது. நின்றுகொண்டாவது பார்த்தார்கள் என்பதில் எனக்கு வியப்பில்லை.

ஏப்ரல் 25 அந்நாட்டவர்கள் தமது போர்வீரர்களை நினைவுகூரும் நாள். 1915 இல் துருக்கியின் கலிப்பொலிக் கரையில் இறங்கிய நாள் அது. 1960 வரை அந்நாளில் விக்டோரியாவில் பெரிய விளையாட்டுகளுக்கு இடமிருக்கவில்லை. எசெண்டன் அணியின் பயிற்றுநர் கெவின் ஷீடியின் முயற்சியால் 1995 முதல் இந்நாளில் எசெண்டனும் கொலிங்வூட்டும் மோதுவது வழக்கமாகிவிட்டது. முதலாண்டே 94,825 பேர் வந்தார்கள், ஆட்டம் சமநிலையில் முடிந்தது. 2023 இல் வந்தோர் 95,179. ஆட்டத்துக்கு முன் எக்காளம் ஊதி மௌனம் அனுட்டிக்கும்போது, சற்று முன்வரை கத்திக்கொண்டிருந்த அத்தனை பேரும் வாய்மூடி நிற்பார்கள். குழந்தை ஒன்று அழுவது மைதானத்தின் மறுபக்கம் வரை கேட்கும் என்கிறார் அக்காவின் அயலவரான ஒரு பாட்டி. அவருடைய தகப்பனார் யுத்தத்தில் இறந்தவர். விளையாட்டையும் போர் நினைவையும் கலப்பது சரியா என்று கேட்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். பாட்டியிடம் அதைக் கேட்டேன். "வீட்டில் தனியே இருந்து நினைப்பதை விட இது நல்லது" என்றார். சொந்த இழப்பைப் பலர் நடுவே அமைதியாக நினைக்க ஓர் இடம் இருப்பது எத்தனை பெரிய விடயம் என்பதை எமது சகோதரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெண்கள் ஆடியபோது

இந்த ஆட்டத்தைப் பார்க்கப் பெண்கள் தொடக்கத்திலிருந்தே வந்திருக்கிறார்கள். 19 ஆம் நூற்றாண்டில் வேலியும் கட்டணமும் இல்லாத பூங்காக்களில், வீட்டுக்கு நடைதூரத்தில் ஆட்டங்கள் நடந்தன. பின்னர் வேலி வந்தது, கட்டணம் வந்தது, பெண்கள் வருவது நிற்கவில்லை. ஆனால் மைதானத்துக்குள் இறங்கி ஆடும் உரிமை அவர்களுக்கு அரிதாகவே கிடைத்தது. முதலாம் யுத்த காலத்தில் பேர்த் நகரில் கடைகளில் வேலை செய்த பெண்கள் ஆடினார்கள். 1929 இல் அடிலெய்ட் ஓவலில் பெண்கள் ஆடியதைப் பார்க்க 41 ஆயிரம் பேர் வந்தார்கள். பிறகும் நீண்டகாலம் "பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க யார் வருவார்கள்?" என்று கேட்டவர்கள் அந்த எண்ணை மறந்துவிட்டார்கள் போலும்.

பெண்களுக்கான தேசிய லீக் 2017 பெப்ரவரி 3 ஆம் திகதி தொடங்கியது. முதல் ஆட்டத்துக்கு ஒரு சிறிய மைதானத்தைத்தான் ஒதுக்கியிருந்தார்கள். சனம் வரும்போலத் தெரிந்ததும் பிரின்சஸ் பார்க்குக்கு மாற்றினார்கள். 1945 இல் சனம் திரண்ட அதே இடம். இப்போது கொள்ளளவு மிகவும் குறைவு. வெள்ளிக்கிழமை மாலை, கோடைகாலம், நகருக்குப் பக்கம், டிராம் வண்டி வாசலுக்கே வரும், கார்ல்டனும் கொலிங்வூட்டும் பரம்பரைப் பகையாளிகள், நுழைவு இலவசம். 24,568 பேர் உள்ளே போனதும் வாயில்களை மூட வேண்டியதாயிற்று. பல நூறு பேர் வெளியே நின்றார்கள். லீக்கின் தலைமை அதிகாரி கிலன் மக்லாக்லன் வெளியே வந்து அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். இடமில்லாமல் திருப்பி அனுப்பியதற்காக ஓர் அதிகாரி மன்னிப்புக் கேட்ட செய்தியை வாசித்தபோது எனக்கு ஏனோ நெஞ்சு நிறைந்தது.

2018 இல் பேர்த் நகரில் 41,975 பேர் வந்து 1929 இன் சாதனையை முறியடித்தார்கள். 2019 மார்ச் 31 இல் இறுதியாட்டம் அடிலெய்ட் ஓவலில் நடந்தது. இலவசம், ஞாயிற்றுக்கிழமை, சொந்த ஊர் அணி இறுதியில், ரயில் நிலையத்திலிருந்து பாலம். வந்தவர்கள் 53,034 பேர். அடிலெய்டின் எரின் பிலிப்ஸ் மூன்றாம் கால்பகுதியில் முழங்கால் முறுகி விழுந்து தூக்குப்படுக்கையில் போனபோது முழு மைதானமும் எழுந்து கைதட்டியது. சிறுமியாகப் பையன்களோடு இதே ஆட்டம் ஆடியவர் அவர். 13 வயதுக்குப் பிறகு பெண்பிள்ளைக்கு அணி இல்லை என்பதால் கூடைப்பந்துக்குப் போய் உலகம் சுற்றிவிட்டு, முப்பது வயதுக்கு மேல் திரும்பி வந்தவர்.

அதன்பின் எண்கள் இறங்கின. அணிகள் எட்டிலிருந்து பதினெட்டாயின. கொரோனா வந்தது. கட்டணம் வந்தது. 2022 இல் ஒரே ஆண்டில் இரண்டு பருவங்களை நடத்தி, கோடைகால ஆட்டத்தை ஓகஸ்ட்டுக்கு மாற்றினார்கள். அப்போது ஆண்களின் பருவம் உச்சக்கட்டத்தில் இருக்கும். பல ஆட்டங்கள் புறநகரின் சிறு மைதானங்களுக்குப் போயின. 2024 இறுதியாட்டமும் பிரின்சஸ் பார்க்கில்தான் நடந்தது. வந்தோர் 12,122. மைதானத்தில் அதற்கு மேல் அதிக இடமும் இல்லை. "பார்த்தீர்களா, பெண்கள் ஆட்டத்தில் ஆர்வம் போய்விட்டது" என்று சொல்லுவோர் உடனே கிளம்பினார்கள். நேரத்தையும் இடத்தையும் நாளையும் மாற்றியவர்கள் யார் என்பது அந்த வசனத்தில் இல்லை. சிறு மைதானங்களுக்கு அவற்றுக்கேயுரிய நன்மையும் உண்டு என்பதையும் மறைக்கக்கூடாது. 2024 செப்டெம்பரில் நாங்கள் அப்படியொரு ஆட்டத்துக்குப் போனோம். இரண்டாயிரம் பேர் இருக்கலாம். அக்கா புல்லில் துணி விரித்திருந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா எந்தப் பக்கம் யாருடையதென்று கடைசிவரை அறியாமலே இரண்டு பக்கத்துக்கும் கைதட்டினார். திரும்பி வர இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. இரண்டாவது பஸ்ஸுக்கு ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். அடுத்த வாரமும் வருவீர்களா என்று அன்று யாராவது அக்காவிடம் கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளையின் துடக்குக் கழிவு நாளில் அக்கா வீட்டுக்கு வந்திருந்த எம்மூர்ப் பெண்கள் பதினொரு பேரிடம் இதுபற்றிப் பேச்சுக் கொடுத்தேன். பத்து, பதினைந்து வருடங்களாக அங்கிருப்பவர்கள். ரிச்மண்ட் நிலையத்தை வாரம்தோறும் ரயிலில் கடப்பவர்கள். ஒருவரும் ஓர் ஆட்டத்துக்கும் போனதில்லை. பிள்ளைகளின் கழகச் சால்வைகளைக் குளிர்காலம் முழுவதும் தோய்த்துப் போடுபவர்களும் அவர்களில் இருந்தார்கள். காரணம் கேட்டேன். நால்வருக்குச் சனி, ஞாயிறு முதியோர் இல்லத்தில் வேலை. ஒருவருக்கு எந்த வாசலால் போவது, சீட்டு எங்கே எடுப்பது என்று தெரியாது. ஒருவர் குடிகாரருக்குப் பயந்தார். மது விற்காத பகுதிகள் பெரிய மைதானத்தில் உண்டு என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சத்தம் கேட்டால் தனக்கு ஷெல் ஞாபகம் வரும் என்றார் இன்னொருவர், குரலைத் தாழ்த்தி. மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "ஆரோட போறது?" என்று ஒரு அன்ரி கேட்டார்.

2025 பருவத்தில் அவர்களில் ஏழு பேரும் அக்காவுமாகப் பெரிய மைதானத்துக்கு ஒரு ஞாயிறு பின்னேரம் போனார்கள். வழி காட்டியவர் அந்த அயல்வீட்டுப் பாட்டிதான். மது இல்லாத பகுதியில், மலசலகூடத்துக்கும் வெளிவாசலுக்கும் கிட்டிய வரிசையாகப் பார்த்து அவரே சீட்டு எடுத்திருந்தார். இரவு வேலைக்குப் போக வேண்டிய ஒருவர் இடைவேளையோடு எழும்பி ரயில் பிடித்தார். சத்தத்துக்குப் பயந்தவர் போகவில்லை. படத்தை அனுப்பும்படி மட்டும் கேட்டிருந்தார். அனுப்பியிருக்கிறார்கள்.